சூடேறினால் நிற்கும் டாக்சி

என் மருமகனுக்கு அக்கம்பக்கத்தில் ‘பளிச்’ என்று பெயர். கார்களுக்குக் கரண்டு வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டு முன்பக்கத்தில் தகரம் போட்டு இறக்கிய கொட்டகைதான் அவருடைய பட்டறை. ஒரு கார் உள்ளே நின்றால் அடுத்தது தெருவில்தான் நிற்க வேண்டும். கார் பட்டறை என்றால் கறுப்பு எண்ணெயும் பிசுக்குமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும். அந்தத் தரையில் தட்டு வைத்துச் சாப்பிடலாம். நான் சாப்பிட்டிருக்கிறேன். எதைக் கழற்றினாலும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பார், பிறகு காய்ந்த துணியால் துடைப்பார், முகம் தெரிகிற மாதிரி ஆன பிறகுதான் திரும்ப மாட்டுவார். பெயர் அதனால் வந்தது.

என் மகள் கேட்பாள்: “பிளக்கைத் தொடைக்கிற கையால ஒருநாள் இந்த ஜன்னலைத் தொடைச்சா கொறைஞ்சா போயிடுவீங்க?”

“ஜன்னல்ல கரண்டு போகாதே” என்பார் அவர்.

இப்படி எப்போதாவது ஒரு வார்த்தை. மற்றபடி வாய் பேசாத மனிதர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். பானெட்டுக்குள் குனிந்து குனிந்து அவர் முதுகு நிமிர மறந்துவிட்டது. சாயங்காலம் கட்டிலில் வந்து உட்கார்ந்தால் ஒரு செருப்பைக் கழற்றுவார், இன்னொன்றைக் கழற்றுவதற்குள் கண் சொருகிவிடும். மீசை முளைக்கும் முன்பே இந்த வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்து வண்டிகளில் வேலை கற்றவர். இந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள், எல்லாம் அதில்தான் வந்து முடிகிறது.

கார் ஓட வேண்டுமென்றால் என்ஜினுக்குள் பெட்ரோல் பற்றிக்கொள்ள ஒரு பொறி வேண்டும். பழைய வண்டிகளில் இரண்டு சின்ன முனைகள் தொட்டுத் தொட்டு விலகி அந்தப் பொறிக்கு வழிசெய்யும். பாய்ண்ட் என்பார்கள். அந்த முனையில் ஒரு பொட்டு எண்ணெயோ கிரீஸோ பட்டால் போதும், பொறி செத்துவிடும். அதனால் துடை, துடை என்றே அவரை வளர்த்துவிட்டார்கள். பிறகு வந்த வண்டிகளில் பாய்ண்ட் கிடையாது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. மாட்யூல் என்று பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, அடைத்து வைத்திருக்கிறார்கள். கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் இது தெரியும். அந்தப் பட்டறைச் சத்தத்தில்தான் நான் இத்தனை வருஷமாகக் காய்கறி நறுக்குகிறேன்.

இனி என் மகனைப் பற்றி. மகளுக்கு மூத்தவன். டாக்சி ஓட்டுகிறான், பழைய வண்டி. அவனுக்கு நிலையான சவாரி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டவர். ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் அவர் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். அந்தச் சவாரியை நம்பித்தான் என் மகன் வீடு நடந்தது. மற்றதெல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

ஒருநாள் அவன் டாக்சி சுத்தமாக உயிர்விட்டது. மருமகன் பார்த்தார், அந்தக் கறுப்புப் பெட்டி போய்விட்டது என்றார், புதிதாக வாங்கி மாட்டினார். வண்டி ஓடியது. சில நாள் கழித்து, டீச்சரம்மா பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பாலத்து நெரிசலில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. அதன் பிறகு இதே கதை. சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும்.

மகன் நேராகப் பட்டறைக்கு வருவான். வருவதற்குள் வண்டி ஆறிப்போயிருக்கும்.

“மாப்ள, நடு ரோட்டுல நிக்கிறப்போ என் நெலமை தெரியுமா உனக்கு? பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான், இன்னொருத்தன் செத்துப்போன எங்கப்பாவை வம்புக்கு இழுக்கிறான்.”

“இங்க வந்து நிக்கச் சொல்லுங்க மச்சான். இங்க நின்னா பாத்துடுவேன்.”

“உன்னைக் கண்டா அது பெட்டிப் பாம்பா அடங்கிடுதே!”

மருமகன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளக் வயரைப் பிடித்துப் பொறி பார்த்தார், நீலமாக, கொழுத்த பொறி. பொறிக்கு வேண்டிய கரண்டைப் பெருக்கித் தருகிற காயிலை மாற்றினார். வயர்களை மாற்றினார். எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினார். கறுப்புப் பெட்டியே டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கி, அதையும் துடைத்து, அது உட்காரும் இடத்தையும் துடைத்து மாட்டினார். வண்டி மறுபடி பாலத்தில் நின்றது.

அன்றைக்கு மகன் வந்தபோது பட்டறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் கேட்டுவிட்டான்: “பளிச்சுனு தொடைக்கத் தெரிஞ்சா போதுமா மாப்ள? வண்டி ஓட வேணாமா?”

மருமகன் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. பேச்சு அறுந்தால் என்ன, நான் ஒருத்தி இருக்கிறேனே தபால் கொண்டுபோக. ஒரே அறையில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அம்மா, உங்க மாப்பிள்ளைகிட்ட கேளுங்க, நாளைக்கு வண்டியை விடலாமா?” என்பான் இவன். “அத்தை, விடச் சொல்லுங்க” என்பார் அவர். எனக்கு வாய் வலித்தது.

இதற்கிடையில் டீச்சரம்மாவின் மகள் போன் செய்து சொல்லிவிட்டாள். “இன்னொரு தடவை நின்னுச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம் அண்ணா. தப்பா நெனைக்காதீங்க. அம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய் அழறது?” அவள் கேட்டதில் தப்பு இல்லை. நானாக இருந்தால் முதல் தடவையே சொல்லியிருப்பேன்.

மகன் சோதித்துப் பார்க்கக் காலி வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தில் போய் வந்தான். நிற்கவில்லை. டீச்சரம்மா வந்தால் அவர் மூச்சுக்காக ஏசி போட வேண்டும், என்ஜினுக்குச் சுமை கூடும், நெரிசலில் கொதிக்கும். காலி வண்டிக்கு அந்தக் கொதிப்பு வரவில்லை. தனியாக ஏசி போட்டுக்கொண்டும் போனான். அன்றைக்கென்று மேகம் மூடிக்கொண்டு, ரோடும் காலியாகக் கிடந்தது.

நான்தான் சொன்னேன்: “நோயாளி வைத்தியர்கிட்ட வர மாட்டேங்குதுன்னா வைத்தியர் அது கூடவே போக வேண்டியதுதானே? டீச்சரம்மா போறப்போ மாப்பிள்ளையும் ஏறிக்கட்டும். கொஞ்சம் முன்னாடியே கெளம்புங்க.”

மருமகனும் அதையேதான் நினைத்திருந்தாராம். நினைத்திருக்கட்டும். வாயைத் திறந்து சொன்னது நான்.

அந்தப் பயணத்தில் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் பொய் சொல்வார்கள், எந்த இடத்தில் சொல்வார்கள் என்று பெற்றவளுக்குத் தெரியும்.

மருமகன் இரண்டு சின்ன பல்புகளை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்குச் சிவப்பு. வயரைப் பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குக் கொண்டுவந்து, பல்புகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். காயிலுக்குக் கரண்டு வந்தால் பச்சை எரியும். கறுப்புப் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் சிவப்பு படபடவென்று துடிக்கும். நிற்கும்போது எது மாறுகிறது என்று பார்த்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மாற்றுவதற்கு இன்னொரு புதுப் பெட்டியும் பையில் இருந்தது.

டீச்சரம்மா ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: “ஏன் தம்பி, ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?”

இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

“சரிதான். ஒரே பெஞ்சுல உக்கார வெச்சா இப்படித்தான் மூஞ்சியைத் திருப்பிக்கும் சில பசங்க. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

பாலத்தில் ஏறினார்கள். முன்னால் ஒரு லாரி பழுதாகிக் கிடந்தது. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன. நல்ல வெயில். முன்னதாகக் கிளம்பி மிச்சம்பிடித்த நேரமெல்லாம் அந்த லாரி பின்னால் கரைந்தது. ஊர்ந்து ஊர்ந்து பாதிப் பாலம் வந்தபோது டாக்சி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

“சாவியைத் திருப்புங்க மச்சான்” என்றார் மருமகன். இத்தனை நாளில் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

மகன் திருப்பினான். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. சிவப்பு துடிக்கவில்லை.

மருமகன் இறங்கிப் பானெட்டைத் திறந்து கறுப்புப் பெட்டியைத் தொட்டார். விரல் சுட்டுப் போய்க் கையை உதறினார். திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

“டீச்சரம்மா, தண்ணி இருக்கா?”

அந்த நோய்க்காரர்களுக்குத் தண்ணீரும் அளவுதான். ஒரு சின்னப் பாட்டிலை மடியில் வைத்திருந்தார் அவர். “இன்னிக்குப் பூரா எனக்கு இவ்வளவுதான் தம்பி. பாத்து ஊத்து” என்று கொடுத்தார்.

துணியை நனைத்துப் பெட்டி மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வண்டி பிடித்துக்கொண்டது. அதே ஈரத் துணியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் இடம் என்றார் நர்ஸ். டீச்சரம்மா வராந்தா பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் மகளுக்குச் செய்தி போனது, அவள் வேலையிலிருந்து கிளம்பிவிட்டாள்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மருமகன் அந்தப் பெட்டியைக் கழற்றினார். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் துடைத்து வைத்த மாதிரியே, ஒரு தூசு இல்லை. பிறகு பையிலிருந்த புதுப் பெட்டியின் அட்டையைப் பிரித்தார். உள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது. செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு பொட்டலம் வைத்திருப்பார்களே, அதுதான் இது என்று எப்போதும் எறிந்துவிடுவார். அன்றைக்கு, எறியக் கையை ஓங்கியவர், அது உள்ளே கொழகொழவென்று இருப்பதை உணர்ந்தார். கிழித்தார். வெள்ளையாகப் பசை வந்தது.

அந்த வெள்ளையை அவர் பார்த்திருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்த முதல் பெட்டியைக் கழற்றியபோது அடியில் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த கிரீஸ், அழுக்கு என்று பெட்ரோல் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார். அது அழுக்கு இல்லை. பெட்டியின் சூட்டை வாங்கி இரும்புக்குக் கடத்துகிற பசை. அது இல்லாவிட்டால் பெட்டி காய்ச்சல் கண்டு படுத்துவிடும், காய்ச்சல் விட்டால் எழுந்து வேலை செய்யும்.

மகன் பக்கத்தில் வந்து நின்றான். “என்ன, இதுவும் டூப்ளிகேட்டா?”

மருமகன் விரலில் இருந்த பசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த விரலை மட்டும் அவர் துடைக்கவில்லையாம்.

அதற்குள் டீச்சரம்மாவின் மகள் வந்துவிட்டாள். வேர்த்துப் போயிருந்தாள். “என்னண்ணா ஆச்சு? சரி பண்ணியாச்சுன்னுதானே சொன்னீங்க?”

என் மகன் முந்திக்கொண்டான். “பார்ட்ஸ் டூப்ளிகேட்மா. கடைக்காரன் ஏமாத்திட்டான். இப்போ கண்டுபிடிச்சாச்சு, இனிமே நிக்கவே நிக்காது.”

அவள் பாதி நம்பிவிட்டாள். மருமகன் ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் மீதியும் நம்பியிருப்பாள், சவாரி கைவிட்டுப் போயிருக்காது. இந்த மனிதர் என்ன செய்தார்?

“இல்லம்மா. பார்ட்ஸ் நல்ல பார்ட்ஸ்தான். நான்தான் தப்பா மாட்டியிருக்கேன். ரெண்டு தடவையும்.”

அவள் இவரையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். “உள்ளதைச் சொன்னீங்களே, அதுக்கு நன்றி. ஆனா அண்ணா, எங்கம்மா அங்க மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காங்க” என்றாள். நகர்ந்து போய்ப் போனை எடுத்தாள். சாயங்காலம் டீச்சரம்மாவை வேறு வண்டி வந்து கூட்டிப்போனது.

மகன் வீட்டுக்கு வந்து குதித்தான். “அரிச்சந்திரன்! பெரிய அரிச்சந்திரன் வீட்டுல பொண்ணு குடுத்திருக்கீங்கம்மா! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சும்மா இருந்திருந்தா போதும். என் பொழப்பு போச்சு.”

“நீ பொய் சொன்னது எந்த ஊரு நியாயம்டா?” என்றேன்.

“உங்களுக்குப் புள்ளையைவிட மாப்பிள்ளைதான் உசத்தி.”

“ஆமாம், இப்போதைக்கு” என்றேன். சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் அவன் வீட்டு அடுப்பை நினைத்தபோது எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மருமகன் டாக்சியைப் பட்டறை வாசலில் வெயிலில் நிறுத்தினார். பசை தடவிப் பெட்டியை மாட்டினார். மறுநாள் காலையிலிருந்து ஏசியைப் போட்டு, ஓடாமல் நின்ற இடத்திலேயே என்ஜினை உறுமவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து, “யோவ் பளிச், காது போச்சுய்யா” என்று கத்திவிட்டுப் போனார். உச்சி வெயில் அடித்தது, பானெட்டைத் தொட முடியவில்லை. வண்டி நிற்கவில்லை. பெட்ரோல் தீரும்வரை அது நிற்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவர் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். மகள் டீ கொண்டுபோனாள். ஆறிப்போனது.

“இன்னும் என்னங்க?”

“இதே மாதிரி எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கேன்னு யோசிக்கிறேன். காய்கறி வேன் ஒண்ணு. டிரைவிங் ஸ்கூல் கார். மருந்துக்கடைக்காரர் வண்டி. அதுக்கு முன்னாடி யாரு… முகம் தெரியுது, ஆளு தெரியல.”

“அதெல்லாம் ஓடிக்கிட்டுதானே இருக்கு? யாராவது வந்து சொன்னாங்களா? நீங்களே போய், நான் தப்பு பண்ணிட்டேன்னு கதவைத் தட்டணுமா? இருக்கிற பேரும் போயிடும்.”

“ஓடுது. நிக்கிற அன்னிக்கு உள்ள யாரு உக்காந்திருப்பாங்கன்னு தெரியாதே.”

மகள் டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணினாள்.

மறுநாள் காலையில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார். அந்த முதுகை வைத்துக்கொண்டு. தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டார். என் மகன் டாக்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். கண்ணாடியை இறக்காமலே உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்தான்.

“ஏறு.”

“உங்களுக்கு சவாரி…”

“காலையெல்லாம் சும்மாதான் இருக்கேன். யாரால? ஏறு மாப்ள, பேசாம ஏறு.”

இப்போது அதுதான் நடக்கிறது. டீச்சரம்மா வேறு வண்டியில்தான் போகிறார், திரும்பி வரவில்லை, வருவார் என்று நானும் நினைக்கவில்லை. மகன் ஸ்டேஷன் வாசலில் மற்ற டாக்சிக்காரர்களோடு வரிசையில் நின்று, கிடைத்த சவாரியை ஓட்டுகிறான். ஆள் இளைத்துவிட்டான். சவாரி இல்லாத காலையில் மருமகனை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிறான்.

நல்ல வரவேற்பு ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் சிரித்துச் சிரித்துத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். காய்கறிக்காரர்தான் ஒரே பிடிவாதம்.

“ஓடுற வண்டியை எதுக்குய்யா பிரிக்கிற?”

“நின்னிருக்கா எப்பவாவது?”

“நின்னுச்சு ரெண்டு மூணு தடவை. வெயில்ல எல்லாம்தான் நிக்கும். நானே நிக்கறேன். கொஞ்ச நேரம் வுட்டா அதுவா ஓடும்.”

“அதான் அண்ணே. திறங்க.”

“மாட்டேன். நீ வேற எதையாவது கெடுத்து வெச்சுட்டா? உன்னை நம்பச் சொல்றியா, நம்ப வேணாங்கறியா, எதையாவது ஒண்ணு சொல்லு.”

என் மகன் இறங்கிப் போய், வேனின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அண்ணே, இந்தாளு பண்ணின தப்புல என் பொழப்பே போச்சு. அப்படியும் நான் என் வண்டியை இவன்கிட்டதான் விடறேன். பானெட்டைத் தொறங்க. வெயில் ஏறுது.”

காய்கறிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். மருமகன் குனிந்து பெட்டியைக் கழற்றினார். பழக்கம் விடவில்லை, முதலில் துடைத்தார். பிறகு பொட்டலத்தைக் கிழித்து, விரலால் பசையை எடுத்து, மெல்லத் தடவினார்.

“நெறைய தடவு” என்றான் மகன் பின்னாலிருந்து.

“நெறைய தடவுனாலும் தப்பு மச்சான். மெல்லிசா இருக்கணும்.”

“ஓ, இப்போ எல்லாம் தெரியும்.”

மத்தியானம் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மருமகன் கட்டிலில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். இன்னும் யாரார் என்று கேட்டேன். ஒரு வெள்ளைக் கார் இருக்கிறதாம், கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓட்டி வந்ததாம், எந்தப் பக்கம் என்று நினைவில்லையாம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் விசாரிக்க வேண்டும் என்றார். சொல்லும்போதே கண் மூடிவிட்டது.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மகன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்: “அம்மா, உங்க மாப்பிள்ளையை எழுப்பாதீங்க. நாளைக்கு சீக்கிரமே வந்துடறேன்னு மட்டும் சொல்லுங்க.”

“நீயே சொல்லேன்டா” என்றேன்.